உடைந்த ஊசிக்கு நாலு கேள்வி

எனக்குப் பேசத் தெரியாது. கத்தத் தெரியும். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் பதினாறு வருடம் வேலை பார்த்தவளுக்கு அதுதான் வரும். நூறு தையல் மிஷின் ஓடுகிற ஹாலில் மெதுவாகப் பேசுகிறவள் ஊமைக்குச் சமம். வீட்டிலும் அதே குரலில்தான் சோறு வேணுமா என்று கேட்பேன். சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

அதனால்தான் தபால் வழி எம்.ஏ.வில் விருப்பத் தாள் எடுக்கச் சொன்னபோது பேச்சுக்கலை என்று இருந்ததில் டிக் அடித்தேன். மேடையில் எப்படி நிற்பது, குரலை எப்படி ஏற்றி இறக்குவது என்று சொல்லித் தருவார்கள் என நினைத்தேன். அனுப்பிய பிடிஎஃப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்தே கிரேக்கர்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தி ஏதென்ஸில் பேச்சைப் பற்றி யோசித்தவர்கள் இன்றைய பேச்சுக் கோட்பாட்டை எப்படிப் பாதித்தார்கள் என்பதுதான் தாளே. வேறு தாளுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். ஃபீஸ் கட்டிவிட்டால் மாற்ற முடியாது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. ஆம்பூரில் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, பஸ் பிடித்து வேலூருக்குப் போவேன். பாடம் எடுத்தவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். எல்லோரையும் மேடம், சார் என்றுதான் கூப்பிடுவார். பேச்சு என்றால் அலங்காரம் இல்லை, எந்த விஷயத்தில் எதைச் சொன்னால் கேட்பவன் ஒப்புக்கொள்வான் என்று கண்டுபிடிப்பதுதான் என்று கிரேக்கர்கள் நினைத்ததாகச் சொன்னார். அதற்கு மூன்று வழி. பேசுகிறவன் யார், கேட்கிறவன் மனசு எப்படி இருக்கிறது, சொல்வதில் நியாயம் இருக்கிறதா. இன்றைக்கு விளம்பரத்தைப் பற்றி எழுதுகிறவனும், தேர்தலைப் பற்றி எழுதுகிறவனும், கோர்ட்டைப் பற்றி எழுதுகிறவனும் இந்த மூன்றை விட்டு அதிக தூரம் போகவில்லை, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள் என்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

"அந்த சபையில பொம்பளைங்க பேசினாங்களா சார்?"

"இல்ல மேடம்."

"அடிமைங்க?"

"அவங்களும் இல்ல."

"அப்போ இவங்க பேசிக்கினு இருக்கும்போது வேலை யாரு செஞ்சது?"

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். "இந்தக் கேள்வியத்தான் மேடம் இப்போ கோட்பாட்டுல கேக்கறாங்க" என்று அடுத்த வாரம் அதற்கும் பன்னிரண்டு பக்கம் ஜெராக்ஸ் கொடுத்தார். எதைச் சொல்லித் திட்டினாலும் அதற்கு ஒரு ஜெராக்ஸ் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் எரிச்சல்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் எனக்காகவே ஒரு கதை சொன்னார். ஏதென்ஸில் தோல் தொழில் வைத்திருந்த ஒருத்தன் சபையில் பேசிப் பேசியே பெரிய தலைவனாகிவிட்டானாம். அவனைப் பற்றி எழுதி வைத்தவர்கள் எல்லாம் அவனைப் பிடிக்காதவர்கள். கத்தினான், கையை ஆட்டினான், தோல்காரன் என்றே எழுதினார்கள். அவன் சொன்னது சரியா தப்பா என்பது பின்னால் போய்விட்டது. எனக்கு இது புதிதில்லை. எங்கள் ஊர் நிறுத்தத்தில் நாங்கள் ஏறினதும் தோல் வாடைக்குக் கைக்குட்டையை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாடத்தில் இரண்டு விஷயம் மட்டும் எனக்கு உறைத்தது. ஒன்று, சொல்லாமல் விடும் வாதம். பாதியைத்தான் சொல்ல வேண்டும், மீதியைக் கேட்கிறவனே போட்டுக்கொள்வான். தானே போட்டுக்கொண்டதால் தன் யோசனை என்று நம்புவான். கிரேக்கர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். இன்றைய ஆட்கள் அதை எடுத்து, கேட்கிறவனும் சேர்ந்துதான் பேச்சைச் செய்கிறான் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு அது படிக்காமலே தெரியும். எங்கள் சூப்பர்வைசர் தினமும் பதினோரு மணிக்கு மைக்கில், "மூணாவது லைன் முடிச்சிட்டாங்க" என்பார். அவ்வளவுதான் சொல்வார். பாத்ரூம் போக எழுந்தவள் திரும்ப உட்கார்ந்துகொள்வாள்.

இன்னொன்று, நாலு கேள்வி. ஒரு வழக்கு வந்தால் சண்டை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நடந்ததா? நடந்தது என்றால் அதற்கு என்ன பெயர்? எதனால் நடந்தது, எவ்வளவு பெரிய தப்பு? இதை விசாரிக்க இவர்கள் யார்? பழைய கிரேக்க வழக்காடிகள் வைத்திருந்த முறை. ரொம்ப நாள் மண்ணில் கிடந்ததை இந்தக் காலத்துக் கோட்பாட்டாளர்கள் தோண்டி எடுத்துத் துடைத்துக் கல்லூரியில் வைத்தார்கள். எனக்குப் பிடித்தது. நான் செக்கர். ஷூவைக் கையில் எடுத்தால் முனை, பக்கம், குதிகால், உள்ளே என்று ஒரே வரிசையில்தான் தடவுவேன். இதுவும் அப்படித்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் லைனில் ஊசி உடைந்தது.

ஷூ கம்பெனியில் ஊசி உடைந்தால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, எழுந்து போய், ரெஜிஸ்டரில் டேப் வைத்து ஒட்டி, கையெழுத்து வாங்கினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டு முழுக்க மெட்டல் டிடெக்டரில் போகவேண்டும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். யார் காலிலும் ஏறக்கூடாது. ஆனால் இதற்கெல்லாம் பத்து நிமிஷம் ஆகும். பத்து நிமிஷம் லைன் தேங்கினால் மைக்கில் பேச்சு வரும். சுவரில் ஒட்டியிருப்பது ஊசிச் சட்டம், மைக்கில் வருவது டார்கெட். இரண்டில் எதைக் கேட்பாள் உட்கார்ந்திருக்கிறவள்?

அதற்கு எங்கள் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆம்பூர் பஜாரில் மிஷின் சாமான் கடையில் அதே நம்பர் ஊசி கிடைக்கும். மாதம் ஒருத்தி முறை வைத்து ஒரு பாக்கெட் வாங்குவாள். ஆளுக்கு ஒன்று. மிஷின் தலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சுக்குள் செருகி வைப்பார்கள். உடைந்தால் துண்டைப் பொறுக்கிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு, இதை மாட்டித் தைத்துக்கொண்டே போவார்கள். கம்பெனி வேலைக்கு ஊசியைச் சொந்தக் காசில் வாங்குகிற முட்டாள்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். செக்கர் ஆவதற்கு முன்னால் நானும் வாங்கியிருக்கிறேன்.

உடைந்தது எங்கள் லைனில் லைனிங், அதாவது ஷூவின் உள்துணி, தைக்கிற ஒருத்தியின் ஊசி. ஒன்பது வருட சர்வீஸ். முனை கிடைக்கவில்லை, ஸ்பாஞ்சில் வைத்திருந்த ஊசியை மாட்டித் தைத்துவிட்டாள். பேக்கிங்குக்கு முன்னால் மெட்டல் டிடெக்டர் கத்தியது. லைனிங்குக்கும் பஞ்சுக்கும் நடுவில் முனை. குழந்தை சைஸ் ஷூ. உள்ளே இருந்த டிக்கெட் நம்பரை வைத்து அவள் மிஷினுக்கு வந்துவிட்டார்கள். அந்த ஷூவைத் தடவிப் பாஸ் போட்டது நான். எனக்கு ஒரு மெமோ. அவளுக்கு சஸ்பென்ஷன், அதன் மேல் சார்ஜ் ஷீட். 'வேண்டுமென்றே மறைத்தது' என்று போட்டிருந்தார்கள். அது நிரூபணமானால் வேலை நீக்கம்.

அவள் வீட்டுக்காரருக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அது அவள் பெயரில் இருக்கும் ஈஎஸ்ஐ அட்டையில் நடக்கிறது. வேலை போனால் அட்டை போகும். வேறு கம்பெனி எடுக்காது. இந்தப் பக்கத்து எச்ஆர்கள் எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து ஷூவுக்குக் கைத்தையல் போடலாம். அதற்கு அட்டை கிடையாது.

அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"என்கொயரில கூட ஒருத்தர் பேசலாமாம்க்கா. நீ வா."

"நானா? நான் பேசினா உன்ன தூக்கில போட்டுடுவானுங்க."

"நீதான் பேச்சு படிக்கறியாமே. பஸ்ல எல்லாம் சொல்றாங்க."

"அது கிரேக்கம்டி."

"எதுவா இருந்தா இன்னா. பேச்சுதானே."

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஆசிரியரைப் பிடித்தேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தில் இருந்த வழக்கு உயிரோடு வந்தால் வாத்தியார்களுக்கு அப்படித்தான்.

"மூணாவது கேள்விதான் மேடம் உங்க இடம். நடந்துச்சுன்னு ஒத்துக்கோங்க. எதனால நடந்துச்சுன்னு பேசுங்க."

"சரி."

"ஆனா யாருகிட்ட பேசறோம்னு பாத்துக்கோங்க. கேக்கறவங்களப் பேச்சுதான் உண்டாக்குதுன்னு இப்போ சொல்றாங்க."

"கேக்கப் போறவரு ஒரு வக்கீல் சார். அவர ஏற்கெனவே யாரோ பெத்துட்டாங்க."

சிரித்தார். நானும் அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

விசாரணை மாடியில் மீட்டிங் ஹாலில் நடந்தது. விசாரணை அதிகாரி வேலூரிலிருந்து வந்த வக்கீல். வயசானவர், மரியாதையானவர், சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டார். பக்கத்தில் எங்கள் எச்ஆர். ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். சூப்பர்வைசர் வந்து, ஊசி விதிமுறை எல்லாருக்கும் படித்துக் காட்டப்பட்டது என்று சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவள் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

நான் ஆரம்பித்தேன். முதல் கேள்வியில் மோதவில்லை. நடந்தது என்றேன். இரண்டாவதில் மோதினேன். மறைத்தது என்று எழுதாதீர்கள், மறைப்பவள் லாபத்துக்கு மறைப்பாள், இவளுக்கு என்ன லாபம் என்று கேட்டேன். வக்கீல் தலையை ஆட்டினார். ஒரு தலையாட்டல் போதும், எனக்கு ஏறிவிட்டது. மூன்றாவதில் மைக்கைப் பற்றிச் சொன்னேன். பத்து நிமிஷத்தைப் பற்றிச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் பேசுவதை ஒரு படித்த ஆள் எழுதிக்கொண்டிருந்தார்.

"அப்போ இது இவங்க மட்டும் செஞ்சது இல்லன்னு சொல்றீங்களா?" என்றார்.

"இவ மட்டும்னு யாரு சொன்னது? கீழ போய் எந்த மிஷின வேணா தூக்கிப் பாருங்க. ஸ்பாஞ்ச கிழிங்க. எல்லாத்துலயும் ஊசி இருக்குது. அவங்க காசுல வாங்கின ஊசி."

சொல்லும்போது அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் கவனிக்கவில்லை. எச்ஆர் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து கீழே போனார்.

தூக்கிப் பார்த்தார்கள். எங்கள் லைனில் ஒரு மிஷினைத் தவிர எல்லாவற்றிலும் இருந்தது. அந்த ஒரு மிஷின் அவளுடையது. சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க மெமோ. இரண்டு மாதம் முந்தி வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் சேர்த்து.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வாணியம்பாடியிலிருந்து வருகிற ஒரு அக்கா இருக்கிறார், பதினாறு வருடமும் எனக்குச் சோறு பங்கு போட்டவர். முன் சீட்டிலிருந்து திரும்பாமலே பேசினார்.

"ஒருத்தி மாட்டினா. இப்போ முப்பது பேரு. நல்லா படிச்ச பேச்சு."

"நெசத்தத்தானே சொன்னேன்க்கா."

"நெசம் எங்களுக்கும் தெரியும். ஜாஸ்தி தெரியும். எங்கள கேட்டியா?"

கேட்கவில்லை. யாரிடம் பேசுகிறேன் என்று பார்க்கச் சொன்னபோது நான் வக்கீலை மட்டும் பார்த்தேன். நோட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவில்லை. கீழே மிஷினில் உட்கார்ந்திருந்தவர்களை ஆள்களாகவே எண்ணவில்லை, ஆதாரமாக எண்ணினேன். ஏதென்ஸ்காரனைத் திட்டினேனே, நான் செய்தது என்ன? அவர்கள் பேசாமல் வேலை செய்துகொண்டிருந்தபோது மாடியில் நின்று நான் பேசினேன்.

அவள் மட்டும் திட்டவில்லை. "எனக்குப் பேசச் சொன்னேன்க்கா, எல்லாருக்கும் சேத்துப் பேசச் சொல்லல" என்றாள். அது திட்டைவிட மோசம்.

ஒரு வாரம் கழித்து எச்ஆர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். டீ சொன்னார். அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்காரு?"

"இருக்காரு சார்."

"வாரம் மூணு நாள்தானே?"

"ஆமா சார்."

டீயைக் கலக்கினார். பாடத்தில் படித்த, சொல்லாமல் விடும் வாதத்தின் மீதிப் பாதியை அவள் முகம் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். கிரேக்கத்துக்குப் போகாமலே இந்த ஆள் கற்றிருக்கிறார்.

"ஒரு லெட்டர் எழுதிக் குடு. நான் மட்டும்தான் வெளி ஊசி போட்டேன், யாரும் சொல்லிச் செய்யல, என் தப்புன்னு. மத்தவங்க மெமோவ நான் பாத்துக்கறேன். உனக்கு ஒரு மாசம் சஸ்பென்ஷன், அப்புறம் மிஷின் கிடையாது, நூல் வெட்டற டேபிள்."

"மத்தவங்க மிஷின்ல இருந்த ஊசி?" என்றேன் நான்.

"எந்த ஊசி?" என்றார்.

எனக்குப் புரிந்தது. எல்லாரையும் தண்டித்தால் பையருக்குத் தெரியும். முழு லைனும் இப்படித்தான் தைத்தது என்று வெளியே போனால் ஆர்டர் போகும். ஒரே ஒருத்தி செய்தாள் என்றால் அது தப்பு. முப்பது பேர் செய்தார்கள் என்றால் அது கம்பெனி. நான் கத்தியதில் அவருக்குப் பயம் வந்திருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை அவள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

படியில் இறங்கும்போது சொன்னேன், "எழுதாத. நாலாவது கேள்வின்னு ஒண்ணு இருக்குது. விசாரிக்க இவங்க யாருன்னு கேக்கலாம். லேபர் ஆபீஸ் போலாம். இப்போ அவன்தான் பயந்து கெடக்கறான்."

"எத்தன நாள் ஆகும்?"

"ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகலாம்."

"அவருக்கு நாளன்னிக்கு டயாலிசிஸ்க்கா." பிறகு சொன்னாள், "எனக்கு லெட்டர் எழுத வராது. நீ எழுது."

மாட்டேன் என்றேன். பொய்க்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். "நீ எங்க போடற, நான்தானே போடப்போறேன்" என்றாள்.

எழுதினேன். ஒரு மத்தியானம் அவள் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். அவள் வீட்டுக்காரர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. முதலில் பேசுகிறவள் யார் என்று வர வேண்டும், அதனால் ஒன்பது வருடம் ஒரு லீவு லெட்டர்கூடத் தப்பாகக் கொடுக்காதவள் என்று ஆரம்பித்தேன். பிறகு கேட்பவன் மனசு, அதனால் குழந்தை ஷூவைச் சொன்னேன், அந்த முனையை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்று. அது உண்மை, அவள் சொன்னதுதான். பிறகு நியாயம். அந்த இடத்தில் பொய். நான் மட்டும், யாரும் சொல்லவில்லை, அவசரப்பட்டேன். நான் இதுவரை எழுதியதிலேயே அதுதான் நல்ல எழுத்து. என் அசைன்மெண்ட் எதிலும் அந்தக் கட்டு இல்லை. இதை எழுதவே எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு வரி மட்டும் திருட்டுத்தனமாகச் சேர்த்தேன். 'டார்கெட் முடிக்க வேண்டிய நெருக்கடியில்' என்று. படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவள் அங்கே கையை நீட்டினாள்.

"அது வேணாம்க்கா."

"அது ஒண்ணுதான்டி இதுல எனக்குன்னு இருக்குது."

"அதான் வேணாம்."

அடித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினேன்.

அவள் கையெழுத்துப் போட்டதை எச்ஆர் இரண்டு தரம் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கே. யாரு எழுதினது?"

"நான்தான் சார்" என்றாள்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். சீல் வைத்தார். அவள், "அட்டை, சார்?" என்று கேட்டாள்.

"அட்டை எங்கம்மா போகப் போகுது."

அவள் கும்பிட்டுவிட்டு வெளியே ஓடினாள். மூன்று மணிக்குள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நானும் கிளம்பினேன்.

"நீங்க இருங்க" என்றார். "அன்னிக்கு மிஷின் பத்தி, மைக் பத்தி ஒண்ணு சொன்னீங்கல்ல, அது ரெக்கார்டுல இருக்குது. கோவத்துல சொன்னேன், அப்படி எதுவும் இல்லன்னு நீங்களும் ஒரு லெட்டர் குடுத்துடுங்க. இவங்க லெட்டர் அப்போதான் நிக்கும். உங்களுக்குத்தான் எழுத வருதே."

அவள் இப்போது நூல் வெட்டுகிற டேபிளில் இருக்கிறாள். எனக்கு எதிரே, பத்தடியில். மற்றவர்கள் மெமோவை எச்ஆர் இன்னும் கிழிக்கவில்லை, மேஜைக்குள் வைத்திருக்கிறார். திங்கட்கிழமைதோறும் ஹாலுக்கு வந்து என் டேபிளில் ஒரு ஷூவை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார். லெட்டரைப் பற்றிக் கேட்பதில்லை. அவளைப் பார்த்து, "வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்காரு" என்று மட்டும் கேட்பார்.

அவர் என்னிடம் கேட்ட லெட்டரை மூன்று தாளில் எழுதிக் கிழித்தேன். நாலாவது பைக்குள் இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.